உடற்பூச்சும் உயிரின் நிறமும்

சைவ நன்மக்கள் நாடோறும் செய்தற்குரிய கருமங்களுள் முதற்கண் வைத்து ஓதப்படுவன வைகறைத் துயிலெழுதலும், பல் துலக்குதலும், நீராடுதலும், தோய்த்துலர்ந்த ஆடை உடுத்தலுமாம். இவை முடிந்த பின்னரே திருநீறணிதலும் அனுட்டானமும் செபமும் பூசையும் வருகின்றன. ஆறுமுகநாவலரவர்கள் (1822–1879) இளஞ்சிறார்க்கென இயற்றிய சைவ வினாவிடையும் இவற்றை விடாது எடுத்தோதும். ஆகலின், உடம்பைத் தூய்மையுறப் பேணுதல் சமயத்திற்குப் புறம்பானதொரு வீண்செயல் என்று யாரேனுங் கூறுவராயின், அவர் நம் நூல்களைக் கல்லாதவர் என்றே கொள்ளல் வேண்டும்.

இதனை முதலிலேயே சொல்லிவைத்தற்குக் காரணமுண்டு. இக்காலத்து மக்கள் முகப்பூச்சுக்கும் முடிப்பூச்சுக்கும் நறுநெய்க்கும் செலவிடும் பொருளைப் பற்றிப் பேசப் புகுவோர் பலர், பேச்சைத் தொடங்கியவுடனே உடம்பை அழுக்குப் பாண்டம் என்றும் புழுக்கூடு என்றும் இழித்துரைத்து, அவ்விழிப்புரையின் பெரும்பகுதியைப் பெண்மக்கள்மேற் சுமத்திவிட்டுக் கைதட்டுப் பெற்றுச் செல்கின்றனர். அங்ஙனம் பேசுவார் சிலருடைய தோளில் நான்கு விரல் அகலச் சரிகை மின்னுதலையும், கழுத்திலுள்ள உருத்திராக்கத்திற்குப் பொன்வில்லை கட்டியிருத்தலையும் யாம் மேடையில் அருகிருந்தே கண்டுள்ளோம். அது நிற்க.

உடம்பு இழிந்ததேயாயின், இறைவன் அதனை உயிருக்குக் கொடுத்தல் வேண்டா. அநாதியே ஆணவ இருளில் அறிவிழந்து கிடந்த உயிருக்கு, மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் தோற்றுவித்து அவன் அளித்தது, அவற்றைக் கொண்டு உயிர் சிறிதேனும் அறிவு விளங்கப்பெற்றுத் தன்னை நாடவேண்டும் என்னுங் கருணையினாலேயாம். இக்காரணம் பற்றியே நம் ஆசிரியன்மார் மாயையின் காரியமாகிய உடம்பை, ஞாயிறு எழுமளவும் இரவில் உதவும் விளக்கினோடு ஒப்பிட்டனர். திருமூல நாயனாரும் உடலைத் தொடக்கத்தில் வெறுத்து, இறைவன் அதன்கண் குடிகொண்டமை உணர்ந்தபின் அதனைப் பேணத் தலைப்பட்டதாகவே தம்மைப் பற்றிக் கூறுகின்றார். பேணாதொழிவது பெருமையன்று, நோயிற் கிடப்பவன் பூசை செய்யமாட்டான், பதிகம் ஓதமாட்டான், தளர்ந்தார்க்குக் கைகொடுக்கவும் மாட்டான்.

விளக்கு என்னும் அவ்வுவமையையே இன்னுஞ் சிறிது விரித்துப் பார்ப்போம். அரிக்கேன் விளக்கு எரித்த காலத்தை எம்மையொத்த அகவையினர் மறந்திரார். மாலைதோறும் அதன் கண்ணாடிக் கூட்டைச் சாம்பலிட்டுத் துடைப்பர், திரியைக் கத்தரிப்பர், எண்ணெய் வார்ப்பர். இம்மூன்றும் விளக்கின் பொருட்டுச் செய்யும் கடமைகள். ஒருவன் எண்ணெய் வார்ப்பதை மறந்து, அக்கண்ணாடிக்கு நாள்தோறும் புதிய வண்ணம் தீட்டிக்கொண்டே இருப்பானாயின் என் சொல்வோம்? வண்ணம் ஏற ஏற ஒளி குறையும். எண்ணெய்க்கு வைத்த காசும் வண்ணத்திற்கே போய்விடும். ஆகவே ஆராயவேண்டிய வினா, உடம்பிற்குச் செலவு செய்யலாமா என்பதன்று. எவ்வளவு, எதன்பொருட்டு என்பனவே வினாக்கள்.

எவ்வளவு என்பதை முதலிற் காண்போம். ஈண்டு ஓர் ஊரை நினைத்தல் தகும். திருநாவுக்கரசு சுவாமிகள் கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டு, அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர். கடலூர் நகரின் ஒரு பகுதியாக இன்றும் அது விளங்குகின்றது. தலைக்கு இடும் ஷாம்புவைச் சிறு பொதிகளில் அடைத்து ஏழையும் வாங்குமாறு விற்கும் முறை பரவியதும் அக்கடலூரிலிருந்தே. சின்னி கிருட்டிணன் என்பார் அம்முறைக்கு வழிகாட்டினார். அவர் மைந்தர் 1983-இல் 'சிக்' என்னும் பெயரால் தனியே தொழில் தொடங்கினார். அதற்கு முன் புட்டியிற் கிடந்து செல்வர் வீட்டுக் குளியலறையிலே மட்டும் இருந்த பொருள், அதன்பின் ஒரு ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கலாயிற்று. இதனை யாம் குறையாகக் கூறவில்லை. சீயக்காயும் அரப்பும் உலர்த்தி இடித்துச் சலிக்க நேரமில்லாத உழைப்பாளிப் பெண்ணுக்கு அஃதொரு வசதியே. ஆனால் சிறு பொதியின் இயல்பொன்றைக் கவனித்தல் வேண்டும். நூறு ரூபாயை எடுத்துக் கொடுக்கும்போது மனம் ஒருமுறை தயங்கும். ஒரு ரூபாயை நூறுமுறை கொடுக்கும்போது ஒருமுறையேனும் தயங்காது.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் தம் உடலழகின்பொருட்டு நாளொன்றுக்கு 20 ரூபாய் செலவிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் வாழ்வார்க்கு இது மிகையன்று. ஆண்டிற்கு 7,300 ரூபாய். நாற்பது ஆண்டில் 2,92,000 ரூபாய். பொருளைவிடக் காலம் அரிது. கண்ணாடிமுன் நிற்பது நாளொன்றுக்கு அரைமணி நேரமேயாயினும், நாற்பது ஆண்டில் அது 7,300 மணி. இருபத்துநான்கால் வகுத்தால் ஏறத்தாழ 304 நாட்கள். அதாவது இரவும் பகலும் இடைவிடாது பத்துத் திங்கள். தாய் நம்மை வயிற்றிற் சுமந்த காலம் எவ்வளவோ அவ்வளவு காலம், நாம் நம் முகத்தைக் கண்ணாடியிற் சுமந்து நிற்கின்றோம்.

அரசினரும் இதில் தமக்குரிய பங்கை அறிவர். சரக்கு சேவை வரி 2017 சூலையில் நடைமுறைக்கு வந்தபோது ஷாம்புவுக்கும் முகப்பூச்சுக்கும் 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அது 18 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தலையெண்ணெய், ஷாம்பு, பற்பசை, குளியற் சோப்பு முதலியன 5 விழுக்காட்டிற்கு இறங்கின. தொடக்கமுதலே வரியின்றி விடப்பட்ட பூச்சுகளும் உள. அவை திருநீறும் குங்குமமும். வரி வகுத்தோர் சித்தாந்தம் கற்றவரோ அல்லரோ, அப்பட்டியலைப் படித்தபோது எமக்கு உள்ளம் குளிர்ந்தது உண்மை.

இது நம் நாட்டிற்கே உரிய நோயென்று எண்ணற்க. இங்கிலாந்தில் செல்வர் தம் தலைமயிருக்கு வெண்மாவு தூவிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1795-இல் அந்நாட்டு முதலமைச்சராகிய பிட்டு, அம்மாவு தூவுவார் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஒரு கினி வரி செலுத்தவேண்டும் என்று விதித்தார். விளைவு குன்றி ஏழையர் ரொட்டிக்கு மாவின்றி வாடிய ஆண்டு அது. உண்ணவேண்டிய மாவு தலைமேற் கிடந்தது. அந்நாட்டிலேயே அதற்கு முன்னர், ஈயத்தினின்று செய்த வெண்பூச்சை முகத்திற் பூசிப் பூசி நஞ்சேறப்பெற்ற பெண்கள் உண்டு. 1760-இல் இருபத்தேழே அகவையில் இறந்த கவெண்டிரிப் பிரபுவின் மனைவி மரியா அவருள் ஒருவர் என அந்நாட்டார் நம்பினர்.

இனி, எதன்பொருட்டு என்னும் இரண்டாம் வினா. இதுவே கருத்தூன்றி ஆராயற்பாலது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்த் திருக்கோயிலில் யாக்கை நிலையாமை பற்றி யாம் உரையாற்றி முடித்தபோது, பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்தினின்றும் ஓர் அம்மையார் எழுந்து நின்றார். அவர் கேட்டது இது: "ஐயா, உடம்பு நில்லாது என்று தாங்கள் கூறியது சரியே. பெண் பார்க்க வருகின்றவர் உயிரையா பார்க்கின்றனர்? நிறத்தைத்தானே பார்க்கின்றனர்? என் மகளை மூன்று இடத்தார் கறுப்பு என்று தள்ளிவிட்டனர். அவள் மில்லில் வேலை செய்து வாங்கும் கூலியிற் பாதி முகப்பூச்சுக்கே போகின்றது. அவளைக் கண்டிப்பதா, விடுவதா? தாங்களே சொல்லுங்கள்."

மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை. யாம் சொன்ன விடை, "கண்டிக்கவேண்டியவர் வந்து பார்த்துச் சென்றவர், தங்கள் மகள் அல்லர்" என்பதே. பின்னர் அப்பூச்சைப் பற்றி வினவினோம். அவர் மறுநாட்காலை அச்சிமிழைக் கொண்டுவந்து காட்டினார். அதன்மேற் செய்தோர் பெயருமில்லை, ஊருமில்லை, உள்ளிட்ட பொருள்களின் பட்டியலுமில்லை. அதனை அன்றே நிறுத்தி மருத்துவரைக் காணுமாறு வற்புறுத்தி அனுப்பினோம்.

யாம் அஞ்சியதற்குக் காரணத்தை இங்கே எழுதிவைத்தல் பயன்படும். தோலிற்குக் கருமை தருவது மெலனின் என்னும் ஒரு பொருள். கதிரவனின் கடுங்கதிர் உள்ளே புகுந்து கேடு விளையாதவாறு அது தோலைக் காக்கின்றது. வெயில் மிகுந்த நாட்டிற் பிறந்தார்க்கு இறைவன் கூடவே கொடுத்தனுப்பிய குடை என்று அதனைக் கூறலாம். பாதரசம் அம்மெலனின் தோன்றுவதைத் தடுக்கும். ஆதலின் பாதரசங் கலந்த பூச்சை இடுவார்க்குச் சின்னாளில் நிறம் வெளுக்கும். ஆனால் அது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். 2013-இல் உலக நாடுகள் பல ஒருங்குகூடிக் கையொப்பமிட்ட மினமாட்டா உடன்படிக்கை, பத்துலட்சத்தில் ஒரு பங்கிற்குமேற் பாதரசமுள்ள அழகுப் பூச்சுகளை 2020-க்குள் ஒழிக்கவேண்டும் என வரையறுத்தது. அதற்குப் பின்னரும், 2023-இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுற்று வந்தோர் பலரை ஆராய்ந்த மருத்துவர்கள், பெயரிலி வெண்மைப் பூச்சுகளே அவர்களுள் பெரும்பாலாரைப் பொதுவாக இணைத்த காரணம் எனக் கண்டறிந்தனர். பூச்சை நிறுத்தியதும் பலர் நலம் பெற்றனர். கடையில் விற்கும் பூச்செல்லாம் நஞ்சென்று யாம் கூறவில்லை. பெயரும் முகவரியுமில்லாத சிமிழைத் தொடற்க என்றே கூறுகின்றோம்.

பெயருள்ள பூச்சுகளின் செய்தி வேறு. 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தார் 'ஃபேர் அண்டு லவ்லி' என்னும் பூச்சை இந்நாட்டில் விற்கத் தொடங்கினர். வெண்மையும் அழகும் ஒன்றே என்பதுபோல அமைந்த அப்பெயர் நாற்பத்தைந்து ஆண்டு வீடுதோறும் வழங்கிற்று. 2020-இல், நிறவேற்றுமைக்கு எதிராக உலகெங்கும் எழுந்த குரலுக்கிடையே, அப்பெயரிலிருந்த வெண்மை என்னும் பொருட்சொல் நீக்கப்பட்டு 'குளோ அண்டு லவ்லி' என மாற்றப்பட்டது. சிமிழின் பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்கச் செல்வோரின் கண் மாறிற்றா என்பதை அவரவர் வீட்டிற் கேட்டறிக.

சைவர்க்கு இந்நிறவெறி எங்ஙனம் பொருந்தும்? நாம் வழிபடும் பெருமானுக்குச் சிறப்புத் தந்தது அவன் மிடற்றிலுள்ள கருமையன்றோ? நஞ்சுண்டு உலகுகாத்த அக்கறையை நீலகண்டம் என்று போற்றி, நாளும் அதன்பேரால் ஆணையிடும் அடியார் மரபு நம்முடையது. அம்மையைக் காளி என்றும் சியாமளை என்றும் அழைத்து வணங்கிவிட்டு, வீட்டிற்கு வரும் மருமகள் கரியளாதல் கூடாது என்பார் எந்தச் சைவத்தைச் சார்ந்தவர்?

அற்றேல், அம்மையே தன் கரிய நிறம் நீங்கும்பொருட்டுத் தவஞ்செய்து கௌரியாயினள் என்று புராணங் கூறுகின்றதே எனின், அக்கதையை முழுதும் படித்தல் வேண்டும். அம்மை களைந்த கரிய கோசம் குப்பையிற் போகவில்லை. அதுவே கௌசிகி என்னும் தேவியாய் எழுந்து அசுரரை அழித்து உலகோர் வணங்க நின்றது. நீக்கப்பட்டதாகிய கருமையே தெய்வமாயிற்று என்று முடியுங் கதையைக் கொண்டு, கருமை இழிவென்று சாதித்தல் எவ்வாறு கூடும்?

கருமை என்பது இருளாகுமாயின், நம் நூல் கூறும் இருள் ஒன்றே ஒன்று, அஃது ஆணவம். ஏனைய இருள் பிற பொருளை மறைத்துத் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது, பிறவற்றையும் காட்டாது உயிரின் அறிவை மறைத்து நிற்கும். அஃது உள்ளதென்றே அதனையுடையவன் அறியான். மூன்று வீட்டாரும் அப்பெண்ணின் கன்னத்திற் கண்டது தோலின் நிறம். தம்முள்ளே இருந்த நிறத்தை அவர் கண்டிலர்.

உயிருக்கும் ஒரு நிறம் உண்டு என்றால் சிலர் வியப்பர். உயிர் தனக்கென நின்று விளங்கும் இயல்பினதன்று. எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்பது அதன் இயல்பு. இதற்குப் படிகத்தை எடுத்துக்காட்டுவர். செம்பரத்தம்பூவின் அருகே வைத்த படிகம் செந்நிறமாய்த் தோன்றும். நீலமலரின் அருகே வைத்தால் நீலமாம். நண்பகலிற் கதிரவன் நேர்நின்றபோது அந்நிறங்களெல்லாம் அடங்க, அவ்வொளியே தானாய் விளங்கும். படிகத்தை எத்துணைதான் கழுவித் துடைத்தாலும் அருகிலுள்ள பூவை மாற்றாதவரை நிறம் மாறாது. பிறர் கண்ணையே சார்ந்துநிற்கும் உயிர் பிறர் கண்ணின் வண்ணமாகின்றது. அவர் புகழ்ந்தால் மலரும். அவர் முகஞ்சுளித்தால் கருகும். ஒருவர் காலையில் முகத்தைத் திருத்திக்கொண்டு வெளியே செல்வது பிறருக்கு அருவருப்பின்றி இருத்தற்பொருட்டாயின் அது நாகரிகம். அவர் பார்க்காவிடின் தாம் இல்லை என்னும் அச்சத்தினாலாயின், அங்கே செலவாவது காசு மட்டுமன்று. கண்ணாடியின் முன் 304 நாள் என்று மேலே கணக்கிட்டோமே, அது கண்ணாடியிலிருந்து விலகிய பின்னும் மனம் அங்கேயே நின்ற காலத்தைச் சேர்க்காத கணக்கு.

இப்பகுதியைப் பெண்களுக்கென்று மட்டும் எழுதினோம் என்று ஆடவர் தலையசைத்துப் படித்துச் செல்லுதல் வேண்டா. 2005-இல் ஆடவர்க்கெனவே தனியாக வெண்மைப் பூச்சு இந்நாட்டிற் கடைக்கு வந்தது. அதன் வணிகம் நட்டமடையவில்லை. முதியோரும் விதிவிலக்கல்லர். நரையை எமன் விடுத்த ஓலை என்பர் பெரியோர். எம்மையொத்த அறுபது கடந்தார் பலர் திங்களுக்கிருமுறை அதன்மேல் மை தடவுகின்றனர். ஓலையிலுள்ள எழுத்தை அழித்துவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகிவிடும் என்று எண்ணினர் போலும்.

அங்ஙனமாயின் ஒப்பனையே ஆகாதோ எனின், அற்றன்று. திருத்தொண்டர் புராணத்தை ஓதுவார்க்கு இவ்வையம் எழாது. சேக்கிழார் பெருமான் காட்டும் அடியார் மூவரை ஒருங்கே வைத்துக் காண்போம்.

ஒருவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருமணப் பந்தரிலே இறைவன் வந்து ஓலைகாட்டித் தடுத்து ஆட்கொண்டபின், அவர் மணக்கோலத்தைக் களைந்து காவியுடுத்தாரல்லர். திருவாரூரில் இறைவனே அவரை நோக்கி, அம்மணக்கோலத்துடனேயே எந்நாளும் உலகில் விளங்குக என்று பணித்தருளினான். நறுஞ்சாந்தும் மாலையும் அணிகலனும் அவருக்கு இறைவன் இட்ட கட்டளை. மற்றொருவர் காரைக்காலம்மையார். வணிகர் குலத்துப் புனிதவதியாராய்ப் பிறந்து, பேரழகினராய்ப் பரமதத்தனுக்கு மனைவியாய் வாழ்ந்தவர். கணவன் அஞ்சி விலகித் தன்னைத் தெய்வமென வணங்கியபோது, அவன்பொருட்டுச் சுமந்த அழகு இனி எதற்கு என்று இறைவனை வேண்டித் தசையெலாம் உதறிப் பேயுருவம் பெற்றார். அவருக்கு அவ்வுருவத்தையும் அதே இறைவனே அளித்தான். ஒருவரை அணிக என்றவனும் மற்றொருவர்க்கு அணியெல்லாங் களைந்த என்புருவம் அருளியவனும் ஒருவனே.

மூன்றாமவர் மானக்கஞ்சாறர். இவர் வரலாற்றில் எமக்கு எப்பொழுதும் நெஞ்சம் தங்கிவிடும். கஞ்சாறூரில் நெடுநாள் மகப்பேறின்றி வருந்தி, பின்னர்ப் பெற்ற ஒரே மகளுக்கு ஏயர்கோன் கலிக்காமரோடு மணம் பேசி முடித்து, மணநாளும் வந்தது. மகள் மணக்கோலத்தில் நிற்கின்றாள். அந்நேரம் இறைவன் மாவிரதியர் கோலங் கொண்டு வருகின்றான். நாயனார் மகளை அழைத்து அவரடியில் வணங்கச் செய்கின்றார். வணங்கிய பெண்ணின் நீண்ட கரிய கூந்தலைக் கண்ட மாவிரதியர், இம்மயிர் நமக்குப் பஞ்சவடிக்கு ஆகும் என்கின்றார். பஞ்சவடி என்பது மயிராற் செய்து மார்பிற் குறுக்கே அணியும் நூல். நாயனார் ஒரு நொடியும் எண்ணிலர். உடைவாளை உருவி அடியோடு அரிந்து நீட்டினார். மாவிரதியர் மறைந்து, இறைவன் விடைமேல் அம்மையோடு தோன்றி அருள்செய்தான். பின்னர் வந்த கலிக்காமர் நிகழ்ந்தது கேட்டு மகிழ்ந்தும், தலைமயிர் களைந்த பெண்ணை மணத்தற்கு மனந்தளர்ந்து நின்றார் என்று சேக்கிழார் மறையாது கூறுகின்றார். பெரும் அடியாரும் அவ்விடத்துத் தளர்ந்தார்; அழகின் வலிமை அத்தகையது. அவர் தளர்வு நீங்க, முன்போலவே கூந்தல் வளர்ந்தது.

இம்மூன்றாம் வரலாற்றில் ஒரு நுட்பமுண்டு. நாயனார் மகளின் கூந்தலை வெறுத்தவரல்லர். அதனை எண்ணெயிட்டுச் சீவி வளர்த்தவர் அவ்வீட்டார்; மணநாளில் மலர்சூட்டி அலங்கரித்தவரும் அவர்களே. ஓம்பி வளர்த்ததனாலன்றோ அது பஞ்சவடிக்கு ஆம் என்று அவன் கேட்கும்படியாயிற்று? வளர்க்கும்போது கருத்தோடு வளர்த்தார்; கேட்டபோது கணக்கின்றிக் கொடுத்தார். அவ்வழியின் எச்சமாகவே போலும், இன்றும் பழனி முதலிய தலங்களில் அடியார் ஆயிரவர் தலைமயிரை மழித்துக் காணிக்கையாக்குகின்றனர். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அதற்கு வாங்கிவந்த கட்டணமும் 2021-இல் நீக்கப்பட்டது. அம்மயிர் பின்னர் ஏலம் போய்ப் பொய்முடியாகிப் பிறர் தலையேறுவது வேறு கதை. கொடுத்தவரின் கொடைக்கு அதனாற் குறைவில்லை.

இனிப் பொய்யாய ஒப்பனைக்கும் ஓர் எடுத்துக்காட்டு அப்புராணத்தே உண்டு. திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரை வஞ்சிக்க வந்த முத்தநாதன் பூசியது முகப்பூச்சன்று, மெய்யெலாம் திருநீறு. திருநீறு பூசியவரெல்லாரும் பற்றற்றவர், முகமாவு பூசியவரெல்லாரும் பற்றுடையவர் என்று புறத்தைக் கொண்டு முடிவுகட்டுதல் இவ்வொரு வரலாற்றாலேயே தவறாதல் பெறப்படும்.

இக்கால வழக்கத்துள் எமக்கு மிக்க வருத்தந்தருவது திருமணத்து ஒப்பனைச் செலவு. முன்னாளில் மணப்பெண்ணுக்கு நலங்கு வைப்பர். பயறும் கத்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் உலர்த்தி இடித்த மாவை அத்தையும் சிற்றன்னையும் பாட்டியும் சூழ்ந்து பூசி, பாட்டுப்பாடி, கேலிபேசி நீராட்டுவர். அதில் பூசப்பட்டது மாவு மட்டுமன்று. உறவினர் கையின் அன்பும் சேர்ந்து பூசப்பட்டது. இன்றோ கூலிக்கு வந்தவர் விடியுமுன்னர் அறைக்கதவை அடைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் பூசுகின்றனர். அத்தையர் வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர். கதவு திறக்கும்போது பெற்றவளுக்கே தன் மகளை அடையாளங்காணச் சிறிது நேரமாகின்றது. இதற்கெனக் கடன்வாங்கும் குடும்பங்களை யாம் அறிவோம். பூச்சு அன்றிரவே கலைகின்றது, வட்டி கலைவதில்லை.

இவ்வொப்பனைப் பூச்சுகளிற் பலவற்றிற்கு மினுமினுப்புத் தருவது மைக்கா எனப்படும் காக்காய்ப்பொன். நம் நாட்டில் அது ஜார்க்கண்டு, பீகார் மாநிலங்களின் காட்டுச் சுரங்கங்களினின்றும் எடுக்கப்படுகின்றது. உரிமமற்ற பல குழிகளிற் பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறார் இறங்கி அதனைப் பொறுக்குகின்றனர் என்பதும், மண் சரிந்து சிலர் மாண்டனர் என்பதும் செய்தித்தாள்களால் வெளிப்பட்டுள்ளன. கன்னத்தில் மின்னுவது எங்கிருந்து வந்தது என்று வாங்குமுன் ஒருமுறை கேட்டல் அடியார்க்கு அழகு. ஒருயிர் வருந்த வந்த பொருள் பூசைக்கு ஆகாதெனின், பூசிக்கொள்ளவும் ஆகாதன்றோ?

எவ்வளவு செலவு தகும் என்று அளவு கூறுமாறு அன்பர் சிலர் கேட்பர். ஒவ்வொருவர் வருவாயும் கடனும் வேறாகலின் எல்லார்க்கும் பொருந்தும் எண் ஒன்று கூறுதல் இயலாது. யாம் எம் மாணாக்கர்க்குச் சொல்லிவருவது ஒன்றுண்டு. திங்கள்தோறும் உடலழகிற்குச் செலவிட்டதைத் தனியே ஒரு தாளில் எழுதுக. அதன் எதிரே, அத்திங்களில் அடியார்க்கும் வறியார்க்கும் கொடுத்ததை எழுதுக. இரண்டினையும் ஒருவர்க்கும் காட்டுதல் வேண்டா. மாணாக்கருள் ஒருவர் மூன்று திங்கள் எழுதிவிட்டு நான்காந் திங்கள் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இடப்பக்கம் தாள் போதவில்லை ஐயா, வலப்பக்கம் வெறுந்தாளாகவே இருக்கின்றது" என்றார். அவர் பின்னர் மீண்டும் எழுதத் தொடங்கினார் என்று கேள்வி.

காரைக்காலில் ஆனித்திங்கள் நிறைமதியையொட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. முதலில் மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் புனிதவதியார்க்கும் பரமதத்தருக்கும் திருக்கல்யாணம். அம்மையாரின் திருவுருவத்தைப் பட்டுடுத்தி, பொன்னும் மலரும் பூட்டி மணமகளாக நிறுத்துகின்றனர். பின்னர்ப் பிச்சாண்டவர் வீதியில் உலாவரும்போது மாடிகளினின்றும் மக்கள் மாங்கனிகளை வாரி இறைக்க, கீழே நிற்போர் அவற்றை ஏந்திக்கொள்கின்றனர். விழா நிறைவுறும் வைகறையில் அம்மையார் பேயுருவினராய்க் கயிலைக்குச் செல்லும் நிகழ்ச்சி. மகப்பேறு வேண்டியும் மணப்பேறு வேண்டியும் வந்த பெண்கள் கையில் மாங்கனியோடும் தலையில் மல்லிகையோடும் அவ்விருளில் நின்று இரு கோலத்தையும் ஒரேவகையாய்க் கும்பிடுகின்றனர்.